மையாடலும் இடைச்செருகலும்

எமது கல்லூரி இலக்கிய மன்றத்தார் இவ்வாண்டு விழாவையொட்டி நிழற்படக் காட்சியொன்று வைக்க எண்ணினர். 'எம்மூர் நிலம்' என்பது பொருள். தமிழ்ப் பண்டிதன் ஒருவனை அதற்கு நடுவனாக இருத்தியது அவர்தம் குறும்பு என்றே முதலில் நினைத்தேன். "ஐந்திணை படிப்பிக்கிற ஐயாவுக்கு நிலம் தெரியாதோ?" என்று அவர்கள் கேட்டபோது மறுமொழி சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

வந்தவற்றுள் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனுடைய படங்கள் இரண்டு. இடம் ஒன்றே: முகமாலைக்கும் பளைக்கும் இடையில், கண்டி வீதியை விட்டுச் சற்றே விலகிய மணற்றரை. முதலாவது, கமரா தந்தபடியே அச்சிட்டது. வானம் வெளிறிக் கிடந்தது, தரை இருண்டிருந்தது, அடிவானம் வலப்புறமாகச் சரிந்திருந்தது. யாரும் ஒரு முறை பார்த்து மறந்துவிடக்கூடிய படம். இரண்டாவது, கணினியிற் செப்பனிட்டது. செக்கர் வானமும் பொன் மணலும் பச்சைப் பற்றைகளுமாக நாட்காட்டிக்கு ஏற்ற அழகோடு அது விளங்கிற்று.

"இது பொய்" என்று இரண்டாவதை ஒதுக்கி வைத்தேன். அவன் முதலாவதைத் தொட்டுக் காட்டி, "ஐயா, இதுதான் பொய். நான் நிண்டு பார்க்கேக்கை இடம் இப்படி இருக்கேல்லை" என்றான். அச்சொல் என்னைத் தடுத்து நிறுத்தியது. இரண்டு பிற்பகல்கள் அவன் பக்கத்திலிருந்து அத்தொழிலைக் கற்றுக்கொண்டேன். கற்றதையும், கற்றபின் அவனோடு பட்ட வழக்கையும் இங்கே எழுதுகின்றேன்.

அவன் கூறியதில் உண்மை உண்டு. நம் கண் வானை நோக்குங்கால் சுருங்குகின்றது. நிழலை நோக்குங்கால் விரிகின்றது. மனம் இரண்டையும் கூட்டி ஒரு காட்சியாக்கிக்கொள்கின்றது. கமராவுக்கோ ஒரு கணம், ஓர் அளவு. வானுக்கு இசைந்தால் தரை இருளும். தரைக்கு இசைந்தால் வானம் வெளுக்கும். ஆதலின் கமரா தந்ததே மெய், கைபட்டதெல்லாம் பொய் என்று கொள்ளுதல் பேதைமை. அன்றியும், இன்றைய கைத்தொலைபேசிகள் பல நாம் கேளாமலே ஒரே நொடியிற் பல படங்களை எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிறமும் ஏற்றித் தருகின்றன. கைபடாத படம் என்று ஒன்று நம்மிடம் வருதலே அரிது.

அவனுடைய கமரா கனடாவிலுள்ள மாமன் அனுப்பியது. படத்தைச் சுருக்காது மூலமாகவே வைக்கும் வசதி அதில் உண்டு. அம்மூலத்தை 'றோ' என்பர். சுருக்கித் தரும் ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் இருளிலிருந்து ஒளிவரை 256 படிகளே உள. பதினான்கு பிட் மூலத்திலோ 16,384 படிகள். இருளாய்த் தோன்றும் இடத்தினுள்ளே மணலின் வரிகளும் முட்செடியின் கிளைகளும் பதிந்தே கிடக்கின்றன. அவன் ஒரு சிறு கோலை வலப்புறம் நகர்த்தினான். நிழல்கள் மெல்ல விட்டுக்கொடுத்தன. இல்லாத தரை எழுந்து வந்தது.

இல்லாதது என்றா சொன்னேன்? பிழை. பழைய ஏடுகளைக் கையாண்டோர் இதனை நன்கு அறிவர். எழுத்தாணி கீறிய புதிய ஏட்டில் எழுத்துக் கட்புலனாகாது. கரியையும் இலைச்சாற்றையும் பூசித் துடைத்தபின்னரே கீறல்களில் மை தங்கி எழுத்துத் துலங்கும். அதனை மையாடல் என்பர். மை பூசியவன் எழுத்தைப் படைத்தவனல்லன். நிழலைத் திறத்தலும் அத்தகையதே. ஆனால் செல் அரித்த இடத்தில் எவ்வளவு மை பூசினாலும் எழுத்து வாராது. முற்றும் வெளுத்துப்போன வானத்தின் நிலையும் அதுவே. அதனாலேதான் இந்த மாணவன் எடுக்கும்போதே வானுக்கு இசைய அளந்து, தரையைச் சற்று இருளவிட்டு, பின்னர் மீட்கின்றான். அளவு மீறி மீட்டால் நிழலிடமெங்கும் மணல் தூவினாற் போலப் பொரிப்பொரியாகத் தோன்றும் என்றும் காட்டினான்.

மற்றவற்றைச் சுருங்கச் சொல்வேன். சரிந்த அடிவானத்தை ஒன்றரைப் பாகை திருப்பினான், நிலம் நிலைகொண்டது. கீழே வெறுமனே கிடந்த மணலில் ஒரு பகுதியை வெட்டினான். பாதை கண்ணுக்கு முன்வந்தது. மாலை வெயிலின் மஞ்சளைக் குறையென்று கருதிக் கமரா தானாகவே நீக்கியிருந்தது. அதனை மீட்டுக் கொடுத்தான். பாதை போகும் திசையைச் சிறிது ஒளிரச் செய்து, ஓரங்களைச் சிறிது மங்கவைத்தான். நிறச்செறிவைக் கூட்டுங் கோலில் மட்டும் அவன் கை அடங்கவில்லை. பற்றைகள் சாயத்தில் தோய்த்த சேலைபோல் ஆயின. வன்னிப் பற்றையின் பச்சை சாம்பல் பூத்த பச்சை என்று நான் சொன்னேன். அதில் அவன் விட்டுத் தந்தான்.

விட்டுத் தராதன இரண்டு. ஒன்று வானம்.

மூலத்திலிருந்த மெல்லிய முகில் அவனுக்குப் போதவில்லை. வேறொரு நாள் வேறோரிடத்தில் எடுத்த செக்கர் வானத்தை வெட்டி ஒட்டியிருந்தான். 2020 முதல் போட்டோஷொப் இதற்கெனத் தனியொரு கருவி வைத்திருக்கின்றது. ஓரிரு சொடுக்கில் காரியம் முடிகிறது. ஆயின் படத்தில் பனைகளின் நிழல் நம்மை விட்டு அப்பால் நீண்டு கிடந்தது. ஞாயிறு நமது முதுகுப்புறம் நின்றது என்பது அதன் பொருள். ஒட்டிய வானத்திலோ ஞாயிறு நேரெதிரே விழுந்துகொண்டிருந்தது. ஒரு தரைக்கு இரண்டு ஞாயிறு! நிலமும் பொழுதும் சேர்ந்தே முதற்பொருள் எனத் தொல்காப்பியர் வகுத்தார். நிலத்தை இருத்திவிட்டுப் பொழுதை மாத்திரம் மாற்ற முயல்பவன் நிழலிடம் அகப்பட்டுக்கொள்வான். இத்தொழில் புதிதன்று. 1850களிலே பிரான்சு நாட்டு லெ கிறே கடலுக்கு ஒரு நெகற்றிவும் வானுக்கு ஒரு நெகற்றிவுமாக எடுத்து இணைத்தார். அக்காலத் தகடுகள் நீல ஒளிக்கு மிகையாக இளகி வானை வெளுப்பித்தன. அவருக்கு வேறு வழி அரிது. இவனுக்கு வழி இருந்தது. மூலத்திலே அன்றைய முகில் இருந்தது.

மற்றையது இதனினும் பெரிது. முதலாவது படத்தின் இடப்புறத்தில் தலையிழந்த பனைகள் இரண்டு நின்றன. இரண்டாவதில் அவை இல்லை.

"படத்தைக் கெடுக்குது ஐயா. கறுத்த கம்பம் மாதிரி நிக்குது" என்றான். பின்னர் மறுநாள் ஒரு சான்றோடும் வந்தான். அமெரிக்க நிலக்காட்சிப் படங்களின் பேராசானாகிய அன்சல் அடம்ஸ், 1944இல் லோன் பைன் என்னும் ஊரருகே பனிமலைமேல் விடியல் விழும் காட்சியை எடுத்தார். அவ்வூர் உயர்பள்ளி மாணவர் மலைச்சரிவிலே ஊரின் முதலெழுத்திரண்டை வெள்ளைக் கற்களால் பெரிதாக அமைத்திருந்தனர். அடம்ஸ் அவற்றைத் தம் படத்திலிருந்து அகற்றினார். "அவர் செய்யலாம், நான் செய்யக்கூடாதோ?" என்பது இவன் கேள்வி.

நல்ல கேள்வி. அடம்ஸ் இருளையும் ஒளியையும் கையாண்ட திறத்தின் முன் நான் எம்மாத்திரம்? 1941இல் நியூ மெக்சிக்கோவில் எடுத்த நிலவெழுச்சிப் படத்தின் வானத்தைப் பல ஆண்டுகளாக அச்சுக்கு அச்சு அவர் கருமையாக்கிச் சென்றார். அதை நான் மையாடல் என்றே கொள்வேன். ஆயினும் லோன் பைன் எழுத்துக்கள் காரியத்தில் வாத்தியானாகிய நான் அம்மாணவர் பக்கமே நிற்பேன். அடம்ஸ் தாம் அகற்றியதை 1983இல் வெளியிட்ட தம் நூலில் ஒளியாது எழுதினார் என்பதையும் சொல்லவேண்டும். 1982 பெப்ரவரியில் நஷனல் ஜியோகிறபிக் இதழ் அட்டையின் அளவுக்காக எகிப்தின் பிரமிட்டுகளை ஒன்றையொன்று நெருங்க நகர்த்தியபோது வாசகர் அறிய அதனைச் சொல்லவில்லை. எழுந்த கண்டனம் அதனாலேதான். நம் நாட்டு லயனல் வென்ற் படத்தோடு படம் இணைத்துச் செய்தவற்றைப் பார்ப்போர் எவரும் ஓர் ஊரின் சாட்சியாக எடுத்துக்கொள்ளார், அது பாட்டு. இந்த மாணவன் தந்ததோ 'எம்மூர் நிலம்' என்னும் தலைப்பின் கீழ், இடத்தின் பெயரும் எழுதி.

பனைக்கு வளருமுனை ஒன்றே. அது போனால் மறுகுருத்து இல்லை. செல் பட்டுத் தலை போன பனை பட்டமரமாய்ச் சில காலம் நிற்கும். பின் உளுத்து விழும். போர் 2009இல் முடிந்தது. அவ்வழியே போய்வருவோர் அந்த மரங்கள் ஆண்டுக்காண்டு குறைவதைக் காண்கின்றனர். நம் மாணவர் பலர் அவற்றின் காரணத்தையே அறியாது வளர்கின்றனர். சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த காலத்து ஏடுகள் எந்நிலையில் இருந்தன என்பதைத் தமிழ் கற்றார் அறிவர். ஏட்டில் உள்ள அடி தமக்கு இனிக்கவில்லை என்று நல்ல பதிப்பாசிரியன் எவனும் அதனை நீக்கான். சிதைந்த இடத்தில் தன் சொல்லைச் செருகிவிட்டு மௌனமாகவும் இரான். விழப்போகும் பனை இரண்டை அது விழுமுன்னரே நாம் வீழ்த்துவானேன்?

இனிமேல் நமது பாடசாலைக் காட்சிகளிலும் போட்டிகளிலும் படத்தின் கீழ் ஒரு வரி எழுதுவிப்பது தகும் என்பது என் கருத்து: ஒளி திருத்தியது, வெட்டியது, சேர்த்தது, நீக்கியது. முன்னிரண்டுக்கு யாரும் வெட்கவேண்டியதில்லை. பின்னிரண்டைச் செய்தவன் அதைச் சொல்லிவிடட்டும். சொன்னபின் அதனை ஓவியமாகவே வைத்து மதிப்பிடுவோம்.

அவன் முழுதும் ஒப்பினான் என்று சொல்லமாட்டேன். ஆயினும் மூன்றாவது படம் ஒன்றைச் செய்ய இசைந்து மீண்டும் மூலத்திலிருந்து தொடங்கினான். அடிவானம் நேராயிற்று. அன்றைய முகில் மெலிதாய் வந்தது. இடப்புறத்துப் பனைகள் கரிக்கோடுகளாய் நின்றன. "இதைக் கொஞ்சம் திறந்து பார்ப்பம்" என்று சொல்லி, அந்த இரண்டு மரங்களின்மேல் மாத்திரம் நிழலைத் திறந்தான். கறுத்த மரத்தின் உடம்பிலே, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, சன்னம் பட்ட துளைகள் ஒவ்வொன்றாய்த் தோன்றின. முதலாவது படத்தில் அவற்றை அவனும் கண்டிலன், யானும் கண்டிலேன். அவன் சிறிது நேரம் பேசாமலிருந்து, பின்பு, "இவ்வளவு வெளிச்சம் காணுமோ ஐயா?" என்று கேட்டான்.