வானொலியில் வராத விளம்பரம்

போன புதன்கிழமை மாலை நிகழ்ச்சிக்குக் கிள்ளானிலிருந்து ஓர் அண்ணன் அழைத்தார். மனைவிக்குப் பிறந்தநாளாம், பாட்டு வேண்டுமாம். "எங்கண்ணே கொண்டாட்டம்?" என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டேன். "நம்ம வழக்கமான கடையிலதாம்மா. இன்னிக்கு மூணு போத்தல் வாங்குனா..." என்று ஆரம்பித்தவர், எந்தப் பீர் என்று பெயரையும் சொல்ல வாயெடுத்தார். என் விரல் தானாகவே ஒலியை இறக்கிவிட்டது. அடுத்த நொடி பாட்டு ஓடியது. பாவம், மனைவியின் பெயரைக்கூட அவர் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

நம் நாட்டில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் மதுபான விளம்பரத்துக்கு இடமில்லை. நேயர் வாய்தவறிப் பெயரைச் சொன்னாலும் நாளைக்கு யாருக்குப் பதில் சொல்வது என்ற பயம் அறிவிப்பாளர்களுக்கு உண்டு. மலாய் மொழி நாளேடுகளிலும் இந்த விளம்பரங்களைப் பார்க்க முடியாது. ஆனால் கோப்பிக்கடைக்குப் போய் உட்காருங்கள். மேசை விரிப்பு, சுவர்க் கடிகாரம், ஐஸ் வாளி, கூரையிலிருந்து தொங்கும் துணி என்று எல்லாவற்றிலும் ஒரு பீர் பெயர் இருக்கும். காற்றில் போக முடியாத விளம்பரம் மேசைக்கு நடந்து வருகிறது. சில நேரம் குட்டைப் பாவாடையும் தொப்பியும் போட்டுக்கொண்டு, "அண்ணே, இன்னிக்கு என்ன குடிக்கிறீங்க?" என்றும் கேட்கிறது.

அப்படிக் கேட்டவளில் நானும் ஒருத்தி. இதை இந்தப் பக்கத்தில் இதுவரை எழுதியதில்லை.

2009. ஊடகத் துறைப் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு. கல்விக் கடன் கட்டணத்துக்குச் சரியாகப் போய்விடும், சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் கைக்காசு வேண்டும். தோழி ஒருத்தி இந்த வேலையைச் சொன்னாள். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கோப்பிக்கடை, வெள்ளி, சனி இரவு மட்டும். மணிக்கு 8 வெள்ளி, விற்கும் ஒவ்வொரு பெரிய போத்தலுக்கும் 50 காசு கமிஷன். திறந்த போத்தலின் மூடிகளை இடுப்புப் பையில் போட்டுக்கொண்டே வர வேண்டும், இரவு முடிவில் மூடியை எண்ணித்தான் கணக்கு. அம்மாவிடம் பேரங்காடியில் பால்மாவு விற்கிறேன் என்று சொல்லியிருந்தேன்.

முதல் நாள் மேற்பார்வையாளர் கொடுத்த பயிற்சி அரை மணி நேரம். சீனர் மேசையில் "பாஸ்" என்று கூப்பிடு, விலையைச் சொல்லாதே, சலுகையைச் சொல். இந்தியர் மேசையில் "அண்ணே" போதும், "அங்கிள்" என்றால் அவருக்கு வயது ஞாபகம் வந்துவிடும், எழுந்து போய்விடுவார். மலாய்க்காரர் உட்கார்ந்திருந்தால் அந்தப் பக்கமே போகாதே. கலாசாரங்களுக்கு இடையிலான விளம்பரம் என்று பல்கலைக்கழகத்தில் 14 வாரம் நடத்திய பாடத்தின் சாரம் இதுதான்.

அந்தப் பாடத்தில் எனக்குக் கிடைத்த கட்டுரைத் தலைப்பு கின்னஸ் ஸ்டவுட். நான் விற்றது வேறு பீர் என்றாலும் விழுந்து விழுந்து படித்தேன். 1759இல் ஆர்தர் கின்னஸ் டப்ளினில் ஒரு பீர் ஆலையை 9,000 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார். (ஒன்பதாயிரம்தான், அச்சுப்பிழை இல்லை.) அந்தக் கறுப்புத் திரவம் கடல் கடந்து போன ஒவ்வொரு ஊரிலும் வேறொரு ஆளாக மாறியிருக்கிறது.

பிரிட்டனில் 1929இல் வந்த முதல் விளம்பரத் தொடரே 'கின்னஸ் உங்களுக்கு நல்லது' என்பதுதான். அந்த வாசகம் பிரிட்டனோடு நிற்கவில்லை. மலாயாவுக்குப் பீரை ஏற்றுமதி செய்த போத்தல் நிறுவனங்கள் ஆளுக்கொரு விலங்குப் படத்தை லேபிளில் ஒட்டின. எழுத்து தெரியாதவருக்கும் நாய்த் தலை தெரியுமல்லவா? இன்றைக்கும் சீனர்கள் அதைக் 'கறுப்பு நாய்' என்பார்கள். 'உங்களுக்கு நல்லது' என்ற வாசகமும் ஊர்ப் பத்திய நம்பிக்கையும் சேர்ந்து, பிள்ளை பெற்றவளுக்கு ஸ்டவுட் கொடுத்தால் ரத்தம் ஊறும் என்று ஆகிவிட்டது. என் பாட்டி என் அம்மாவுக்குக் கொடுத்திருக்கிறார். உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். உண்மையில் அதில் இருக்கும் இரும்புச்சத்து சொற்பம். பால் கொடுக்கும் தாய் மதுவைத் தவிர்க்க வேண்டும் என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். விளம்பரம் நின்று எத்தனையோ ஆண்டாகியும் பாட்டிகள் அதை நிறுத்தவில்லை. சம்பளம் வாங்காத விளம்பரதாரர்கள்!

அதே கின்னஸ் நைஜீரியாவுக்குப் போனது. 1960களில் லாகோஸில் ஆலை கட்டினார்கள். 1980களில் அந்த நாட்டு அரசு பார்லி இறக்குமதியைத் தடை செய்தபோது, சோளத்தை வைத்துப் பீர் காய்ச்சினார்கள். சரக்கே மாறிவிட்டது, பெயர் மாறவில்லை. 1999இல் ஆப்பிரிக்க நாடுகளுக்காக மைக்கேல் பவர் என்றொரு கதாநாயகனை உருவாக்கினார்கள். பத்திரிகையாளன், அடியாட்களைப் பந்தாடுவான், ஏழைகளைக் காப்பாற்றுவான். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் குட்டிக் குட்டி சாகசக் கதைகளாக வந்தான். 2003இல் முழுநீளத் திரைப்படமே எடுத்துவிட்டார்கள். பலருக்கு அவன் விளம்பரத்துக்குப் பிறந்தவன் என்பதே மறந்துபோயிருக்கும். வானொலிக்காரி என்ற முறையில் எனக்கு இதில் பொறாமையும் உண்டு, கொஞ்சம் நடுக்கமும் உண்டு.

நான் கட்டுரை எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டில் கின்னஸின் 250ஆவது ஆண்டு விழா என்று கோலாலம்பூர்ப் பக்கம் பிளாக் ஐட் பீஸ் குழுவின் இசை நிகழ்ச்சி நடந்தது. பீர் நிறுவனம் நடத்துவதால் முஸ்லிம்கள் போகக் கூடாது என்றார்கள், பிறகு போகலாம் என்றார்கள். என் வகுப்பில் பாதிப் பேர் டிக்கெட் வாங்குவதா வேண்டாமா என்று ஒரு வாரம் தவித்தார்கள்.

குரல் வேலையில் இருப்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1970களில் பிரிட்டனில் கார்ல்ஸ்பெர்க் விளம்பரத்துக்குக் குரல் கொடுத்தவர் ஆர்சன் வெல்ஸ். செவ்வாய் கிரகத்துக்காரர்கள் இறங்கிவிட்டார்கள் என்ற வானொலி நாடகத்தால் 1938இல் அமெரிக்காவைக் கலங்கடித்தாரே, அவரேதான். 'அநேகமாக உலகின் சிறந்த பீர்' என்பது வாசகம். 'அநேகமாக' என்ற அந்த ஒரு சொல்லில் இருக்கிறது வித்தை. நிரூபி என்று யாரும் கேட்க முடியாது, அடக்கமாகப் பேசுவதுபோலவும் இருக்கும். 2019இல் அதே நிறுவனம் பிரிட்டனில் 'அநேகமாக உலகின் சிறந்த பீர் அல்ல' என்று தன்னையே கிண்டலடித்து, புதிய சுவையோடு திரும்பி வந்தது. தப்பை ஒப்புக்கொள்வதும் அங்கே ஓர் உத்தி.

டைகர் நம் பக்கத்துச் சரக்கு என்று பெருமைப்படுவோரைப் பார்த்திருக்கிறேன். 1932இல் சிங்கப்பூரில் பிறந்தது உண்மைதான். பெற்றோரில் ஒருவர் பிரேசர் அண்ட் நீவ், இன்னொருவர் நெதர்லாந்தின் ஹைனக்கன். கோலகங்சாரில் ஆசிரியராக இருந்த ஆந்தனி பர்ஜஸ் 1956இல் வெளியிட்ட நாவலுக்கு அந்தப் பீரின் விளம்பர வாசகத்தையே தலைப்பாக வைத்தார் என்றால், அது எவ்வளவு தூரம் ஊறிப்போயிருக்க வேண்டும்! 2012இல் மொத்தமும் ஹைனக்கன் கைக்குப் போய்விட்டது. புலி இன்னும் தென்னை மரத்தடியில்தான் நிற்கிறது, கயிறு இருப்பது ஆம்ஸ்டர்டாமில். உலகம் முழுக்க இதே கதைதான். 2016இல் பெல்ஜியத்தைத் தலைமையகமாகக் கொண்ட ஏபி இன்பெவ், தனக்கு அடுத்த பெரிய நிறுவனமான எஸ்ஏபி மில்லரை 10,000 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. முதலாளி எண்ணிக்கை குறையக் குறைய 'இது உங்கள் ஊர்ப் பீர்' என்ற குரல் மட்டும் கூடிக்கொண்டே போகிறது.

நம்மவர்களுக்கு அந்தக் குரல் எப்படி வந்தது? தோட்டத்தில் கள்ளுக்கடைக்கு விளம்பரமே தேவைப்படவில்லை. வேலை முடிந்து வரும் வழியிலேயே கடை. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. அதன் பிறகு வந்த மலிவு சம்சு செய்த நாசத்தைச் சொல்லி மாளாது. அந்தப் பின்னணியில் பீர் என்பது நம் ஆட்களுக்கு ஒரு படி மேலே ஏறியதற்கு அடையாளம். கள் குடித்தால் குடிகாரன், பீர் குடித்தால் டவுன்காரன். இந்த வாசகத்தை யாரும் சுவரொட்டியில் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை.

சீனச் சமூகத்திடம் வேறு வழியில் போனார்கள். பள்ளி நிதிக்காகக் கலைநிகழ்ச்சி. அதில் திரண்ட பணத்தில் எத்தனையோ சீனப் பள்ளிகளுக்குக் கட்டடம் எழுந்திருக்கிறது. 2024இல் செப்பாங்கில் ஒரு பள்ளி வாங்கிய மாதிரிக் காசோலையில் பீர்ப் பெயர் இருந்ததால் பெரிய சர்ச்சை வெடித்தது. பள்ளிக்கூடத்தில் பீர்ப் பெயரா என்று கேட்டவர்கள் பக்கமும் நியாயம் உண்டு, அப்படியானால் கூரைக்கு யார் காசு தருவது என்று கேட்டவர்கள் பக்கமும் உண்டு. இதில் எனக்கு ஒரே நிலைப்பாடு இல்லை. என் இரண்டாம் ஆண்டுச் சாப்பாட்டுக் காசும் அந்த மூடிகளில் இருந்துதானே வந்தது?

இனி அந்தக் கோப்பிக்கடைக்கு.

மூன்றாவது சனிக்கிழமை என்று நினைக்கிறேன். எங்கள் தாமான்காரர் ஒருவர், லோரி ஓட்டுபவர், உள்ளே வந்தார். அப்பாவோடு கோயில் கமிட்டியில் இருந்தவர். என்னைப் பார்த்தார், என் பாவாடையைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் கை கால் ஓடவில்லை. பயிற்சியை மறந்து "அங்கிள்" என்றுதான் வாயில் வந்தது. "ஒரு போத்தல் குடும்மா" என்றார். வேறெதுவும் பேசவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு சனியும் வந்தார். மூலை மேசை. எட்டு மணிக்கு ஒன்று, ஒன்பதரைக்கு ஒன்று, கடை மூடுமுன் ஒன்று. ஒருமுறை வேறொரு மேசையில் போதையில் இருந்தவன் என் கையைப் பிடித்து இழுத்தபோது அங்கிள் எழுந்து நின்றார், அவ்வளவுதான், அவன் விட்டுவிட்டான். அவருக்கு அப்போதே சர்க்கரை இருந்தது. மூன்றாவது போத்தலில் ஐஸ் கரைந்து தண்ணீராகும்வரை கிளாஸை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பார், பிறகு மூச்சைப் பிடித்துக் குடிப்பார். சனிக்கிழமை சம்பளம் எல்லாம் எங்கே போகிறது என்று அவர் வீட்டு ஆண்ட்டி எங்கள் வாசலில் வந்து அழுதது எனக்குக் காதில் விழுந்தது. நான் அறைக்குள் போய் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டேன்.

எட்டு மாதம் பார்த்தேன் அந்த வேலையை. அங்கிளுக்கு 2014இல் ஒரு கால் எடுத்தார்கள். பீரால்தான் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன்.

புதன்கிழமை நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பால்மாவு பொய், கோப்பிக்கடை, அங்கிள், மூன்று போத்தல். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தெரியும். மொத நாளே வந்து சொல்லிட்டாரு. அப்பாகிட்ட சொல்லாதீங்க, ஆனா சனிக்கெழமை மட்டும் அந்தப் புள்ளைய ஒரு கண்ணு பாத்துக்கங்கண்ணேன்னு நாந்தான் சொன்னேன்."

"சும்மா உக்காந்திருக்கலாமே? எதுக்கு வாங்கிக் குடிச்சாரு?"

"சும்மா உக்காந்தா கடைக்காரன் விடுவானா? காசு குடுத்தேன். வாங்கமாட்டேன்னுட்டாரு."

ஒரு சனிக்கு மூன்று மூடி. எனக்குக் கமிஷன் 1 வெள்ளி 50 காசு.