புழக்கடைக்கு சிமென்ட், மொட்டை மாடிக்கு மண்ணா?

கொஞ்சம் நீளமான பதிவு. படிக்காமல் லைக் போட்டுவிட்டுப் போகாதீர்கள். படித்துவிட்டுத் திட்டினாலும் பரவாயில்லை.

இந்த மாதத்தில் மட்டும் நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். "டீச்சர், ஹால்ல ஜன்னல் ஓரமா தக்காளி வெக்கலாமா?" "பெரியம்மா, மொட்டை மாடியில வெக்க எந்த குரோ பேக் நல்லது?" சென்னையில் மூன்றாவது மாடியில் குடியிருப்பவர் கேட்டால் நியாயம். ஆனால் கேட்ட நாலு பேரில் மூன்று பேர் உத்திரமேரூரைச் சுற்றிச் சொந்த மனையில் வீடு கட்டியவர்கள். மூன்று வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கும் நான் வந்து சாப்பிட்டிருக்கிறேன். மூன்றிலும் காம்பவுண்டுக்குள் ஒரு கைப்பிடி மண் கிடையாது. வாசலில் பேவர் பிளாக், பக்கவாட்டில் சிமென்ட், புழக்கடையில் டைல்ஸ். காலடியில் இருந்த மண்ணை மூடிவிட்டு, காசு கொடுத்து வாங்கிய மண்ணை மாடிக்குத் தூக்கிப்போக என்னிடம் யோசனை கேட்கிறீர்கள்!

ஹால் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். தக்காளிக்கு நேரடி வெயில் தினம் ஆறு மணி நேரமாவது வேண்டும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். உச்சி வெயிலில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் ஹாலில் சில நூறு. செடி அந்த வெளிச்சத்தைத் தேடித் தேடி நெட்டையாக, நோஞ்சானாக வளரும். பூத்தாலும், பூவை உலுக்கிவிடக் காற்றோ வண்டோ உள்ளே வராது. டொராண்டோவில் இருக்கும் என் தங்கை மகன் வீட்டுக்குள் விளக்குப் போட்டு நாற்று வளர்க்கிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே மே மாதம் பாதி போகும் வரை உறைபனி பயம் உண்டு. அதனால் ஆறு எட்டு வாரம் முன்னாலேயே உள்ளே விதைத்து, பிறகு வெளியே நடுகிறார்கள். அவர்களே எப்போது வெளியே கொண்டுபோகலாம் என்று காத்திருக்கிறார்கள். வருஷம் முழுக்க வெயிலை வைத்துக்கொண்டு நாம் உள்ளே கொண்டுபோகிறோம்.

அடுத்து மொட்டை மாடி. வேறு வழி இல்லாதவர்கள் செய்யட்டும், நன்றாகவே செய்கிறவர்களும் உண்டு. ஆனால் கான்கிரீட் சூட்டில் பை சீக்கிரம் காய்ந்துபோகும். ஒரு நாள் வெள்ளமாக ஊற்றி இரண்டு நாள் மறந்தால் காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகும். அது பூச்சியும் இல்லை, நோய்க் கிருமியும் இல்லை. தண்ணீர் சீராகப் போகாவிட்டால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராது, அவ்வளவுதான். இது தெரியாமல் மருந்து வாங்கி அடிக்கிறீர்கள். என் பழைய மாணவர் ஒருவர், கணக்கில் கெட்டிக்காரர், ஒரு பருவத்துச் செலவை எழுதி அனுப்பினார். பை, தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், மருந்து, கயிறு எல்லாம் சேர்த்து 1,840 ரூபாய். பறித்தது மூன்றேகால் கிலோ. வகுத்துப் பாருங்கள், கிலோ 566 ரூபாய்! 2023 ஜூலையில் விலை ஏறி ஊரே அலறியபோது, சென்னையில் 82 ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்ததே, அப்போதுகூட வெளிக்கடையில் 200ஐத்தான் தொட்டது.

அரசாங்கத்துக்குக்கூட இந்த வித்தியாசம் தெரிந்திருக்கிறது. 2021இல் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டம் வந்தபோது, நகரத்து ஜனங்களுக்கு மாடித் தோட்டத் தளை கொடுத்தார்கள். கிராமத்துக்கு 12 வகைக் காய்கறி விதை, 15 ரூபாய்க்கு. பை கிடையாது. கிராமத்து வீட்டில் மண் இருக்கும் என்று நம்பித்தான் வெறும் விதையைக் கொடுத்தார்கள். அந்த நம்பிக்கையை நாம் டைல்ஸ் போட்டு மூடிவிட்டோம்.

உங்கள் பாட்டி வீட்டில் யாராவது தக்காளி "வளர்த்தார்களா"? பாத்திரம் தேய்க்கிற இடத்தில் தானாக முளைக்கும். ரசத்துக்குக் கரைத்த சக்கையில் இருந்த விதை, அரிசி கழுவிய தண்ணீரோடு போய் விழுந்து, பத்து நாளில் நாலு இலை விட்டிருக்கும். ஒரு குச்சி ஊன்றி முடிச்சுப் போட்டால் சரி. சாம்பலும் சோப்பும் கலந்த தண்ணீர் முதலில் கல்வாழைக்கும் வாழைக்கும் போகும், ஓரமாக நிற்கும் தக்காளிக்குக் கசிவு மட்டும் வரும். இதற்கு யாரும் வீடியோ போடவில்லை. இன்றைக்கு அந்தத் தண்ணீர் டைல்ஸ் மேல் ஓடிக் குழாய் வழியாகத் தெருவுக்குப் போய், அடுத்த வீட்டு வாசலில் தேங்கிக் கொசு வளர்க்கிறது. அப்புறம் கிராம சபையில் எழுந்து சாக்கடை கேட்கிறீர்கள். மழைத் தண்ணீரும் அதே வழிதான். போர் ஏன் வற்றுகிறது என்று என்னைக் கேட்காதீர்கள்.

நீங்கள் சொல்லும் சாக்குகள் எனக்கு மனப்பாடம். "பாம்பு வரும் டீச்சர்." பாம்பு வருவது எலிக்கு, எலி வருவது குப்பைக்கு. தினம் கால் படுகிற, களை எடுத்த பாத்தியில் பாம்பு குடித்தனம் நடத்தாது. மேஸ்திரி மிச்சம் வைத்துப்போன செங்கல் குவியலை முதலில் அகற்றுங்கள். "சேறாவுது." நடக்க இரண்டு அடி அகலத்துக்குக் கல் பாவிக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்?

மூன்றாவது சாக்குதான் உண்மையான காரணம், அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மண் தெரிந்தால் அந்தஸ்து குறைவு. சம்பந்தி வந்தால் என்ன நினைப்பார்? டவுன் வீடு மாதிரி இருக்க வேண்டும். வயலில் இறங்கிப் பாடுபட்டு உங்களைப் படிக்க வைத்தவர்களின் பிள்ளைகளுக்கு மண் அசிங்கமாகத் தெரிவது எனக்கு வலிக்கிறது. சொல்லிவிட்டேன்.

நம் ஊர்க் கல்வெட்டை ஐந்தாம் வகுப்பில் ஒப்பிக்க வைத்தேனே, நினைவிருக்கிறதா? வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர், முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919, 921. குடவோலை என்றதும் தேர்தல் என்று எழுதி மார்க் வாங்கினீர்கள். அந்த ஓலையில் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள்? ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர்! (அந்தச் சபையில் யார் யாருக்கு இடமே இல்லை என்பதும் எனக்குத் தெரியும், அதைத் தனியாக ஒரு நாள் எழுதுகிறேன்.) தோட்டத்தைக் கவனிக்க ஏரியைப்போல் இரண்டு மடங்கு ஆள் வைத்த ஊர் இது.

காசு மிச்சம் ஆகும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். வருஷத்தில் பாதி நாள் நீங்கள் கடையில்தான் வாங்கப்போகிறீர்கள், வாங்கவும் வேண்டும். 2023 ஜூலையில் அந்த விலை விற்ற தக்காளியை, செப்டம்பரில் ஆந்திரப் பக்கம் விவசாயிகள் விலை இல்லாமல் ரோட்டோரம் கொட்டினார்கள். விலை இறங்கும்போது அவர்களிடம் பேரம் பேசாமல் வாங்குங்கள். வீட்டுச் செடி வேறு விஷயத்துக்கு. செடியிலேயே பழுத்த பழத்தின் புளிப்பு எப்படி இருக்கும் என்று உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். என் தெருவில் ஒரு மூன்றாம் வகுப்புக் குழந்தை, தக்காளி மண்ணுக்குள் காய்க்கும் என்று என்னிடம் வாதாடியது. குழந்தை மேல் தப்பில்லை.

நான் கேட்பது எட்டுக்கு ஐந்து அடி. இரண்டு அடிக்கு ஒன்றரை அடி இடைவெளி விட்டால் பன்னிரண்டு செடி நிற்கும். ஆனால் பாதியில் மட்டும் தக்காளி வையுங்கள், மறு பாதியில் கீரை, அவரை. அடுத்த பருவம் மாற்றிக்கொள்ளுங்கள். தக்காளி நின்ற இடத்தில் உடனே கத்தரியோ மிளகாயோ வேண்டாம், மூன்றும் ஒரே குடும்பம், ஒரே நோய். ஐப்பசி அடைமழையில் நட்டுவிட்டு அழுகிவிட்டது என்று போன் பண்ணாதீர்கள். கார்த்திகையில் நாற்று விட்டு, 25 நாளில் பிடுங்கி மார்கழியில் நட்டால் மாசியில் பழம். அக்னி நட்சத்திரத்தில் பூ கொட்டும், அதற்கு மருந்து இல்லை. விதைக்கு பெரியகுளம் 1 கேட்டு வாங்குங்கள். தேனிப் பக்கத்து அன்னஞ்சி நாட்டு ரகத்திலிருந்து வந்தது, காம்புப் பக்கம் பச்சையாக இருக்கும். ஒட்டு ரக விதை என்றால் பழத்திலிருந்து எடுத்து விதைக்க முடியாது, குணம் மாறிவிடும். இதை ஒருதரம் வாங்கினால் வருஷா வருஷம் நீங்களே விதை எடுக்கலாம்.

என் தம்பி மகனுக்குத் தனியாக ஒரு வார்த்தை. டேய், தையில் கிரகப்பிரவேசம் வைத்திருக்கிறாய், சந்தோஷம். பின்பக்கம் டைல்ஸ் போட வெள்ளிக்கிழமை மேஸ்திரி வருகிறார் என்று உன் அம்மா சொன்னாள். துணி துவைக்கும் கல்லுக்குக் கிழக்கே, வெயில் படுகிற அந்த மூலையை விட்டுவிடச் சொல். நாற்று என்னிடம் இருக்கிறது, பன்னிரண்டு எடுத்து வைத்திருக்கிறேன். வேறு யாருக்காவது வேண்டுமென்றால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள்.