தெருநாய்க்கும் ஒரு வீட்டு முகவரி இருந்தது

2022 அக்டோபரில் துவாஸ் சோதனைச் சாவடியில் பிடிபட்ட ஒரு வண்டிக்குள் 26 நாய்க்குட்டிகளும் ஒரு பூனையும் அடைபட்டுக் கிடந்தன. மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்குக் கடத்துவதற்காக ஏற்றப்பட்டவை. அந்தக் குட்டிகளில் பெரும்பாலானவை பின்னர் பார்வோ நோய் கண்டு செத்துப்போயின. ஓட்டி வந்தவருக்கு 2024இல் 12 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. கடத்தியவர் உள்ளே போனார், செய்தியும் அத்தோடு முடிந்தது. ஆனால் துவாஸுக்குப் போகும் இரண்டாவது பாலம் ஜொகூர் மண்ணிலிருந்துதான் புறப்படுகிறது. அந்தக் குட்டிகளை ஈன்ற நாய்களுக்கு உரிமம் இருந்ததா? குட்டிகளுக்கு ஒரு தடுப்பூசியாவது போட்டிருந்தார்களா? ஜொகூரில் நாய் வளர்ப்போருக்கான இச்சங்கம் பேச விரும்புவது அதைப் பற்றித்தான்.

பார்வோ பொல்லாத கிருமி. குட்டியின் குடலை அரித்து, இரத்தம் கலந்த பேதியும் வாந்தியுமாகச் சில நாளில் ஆளைச் சாய்த்துவிடும். நோய் கண்ட குட்டி கிடந்த மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண சோப்புக்கு மசியாது, குளோரின் கலந்த வெளுப்பான்தான் வேண்டும். இத்தனைக்கும் தடுப்பது எளிது: ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் ஊசி, அப்புறம் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை. முதல் ஊசியோடு நிறுத்திவிட்டு “போட்டாச்சு” என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியை மழுங்கடித்துவிடக்கூடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தடுப்பூசி அட்டை இல்லாத குட்டியை எவரும் விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. இது இச்சங்கத்தின் முதல் நிலைப்பாடு.

வெறிநாய்க்கடி நோய் வடக்கே இருக்கிறது, கடல் தாண்டி சரவாக்கில் இருக்கிறது, நமக்கென்ன என்ற நினைப்பு ஜொகூரில் உண்டு. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அது தலைகாட்டியபோது மலேசியா அந்நோய் ஒழிந்த நாடு என்ற பெயரோடு இருந்தது. 2017 ஜூலையில் சரவாக்கின் செரியான் பகுதியில் பரவல் அறிவிக்கப்பட்டது. அங்கே இதுவரை 50க்கும் மேற்பட்ட மனித உயிர்கள் போய்விட்டன. அறிகுறி தெரிந்த பிறகு இந்நோய்க்கு மருந்து கிடையாது. உலகில் மனிதருக்கு வரும் வெறிநாய்க்கடி நோயில் நூற்றுக்கு 99 நாயால் வருவது என்றும், நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால் பரவல் அறுபடும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அந்த 70இல் நம் வீட்டு நாயும் ஒன்றாக இருக்கட்டும். கடிபட்டால் சோப்பும் ஓடும் நீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவி, நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள் அப்பிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

தெருநாய் விவகாரத்துக்கு வருவோம். 2024 அக்டோபரில் திரெங்கானுவின் பெசுட்டில் ‘கோப்பி’ என்று ஊரார் அழைத்த ஒரு நாய் சுட்டுக் கொல்லப்பட்டதாகப் புகார் எழுந்தது. நாடே கொதித்தது. கொதித்ததில் நியாயம் உண்டு. ஆனால், கருத்தடை செய்யாத பெட்டை நாயின் குட்டிகளை அட்டைப் பெட்டியில் வைத்துச் சந்தை ஓரத்திலும் செம்பனைத் தோட்டத்து ஓரத்திலும் விட்டுவிட்டு வந்தவர்கள் அந்தக் கோபத்தில் எத்தனை பேர் என்று கேட்கவும் வேண்டியிருக்கிறது. சுட்டும் பிடித்தும் கொன்று தெருநாய் எண்ணிக்கையைக் குறைத்துவிடலாம் என்பதை இச்சங்கம் ஏற்கவில்லை. ஓரிடத்து நாய்களை அகற்றினால், அங்கே குப்பைத் தொட்டி திறந்து கிடக்கும்வரை வேறு நாய்கள் வந்து சேரும். நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூர் 2018இல் பிடித்து, கருத்தடை செய்து, மீண்டும் விட்டுக் கண்காணிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. இந்தியாவில் 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களையெல்லாம் காப்பகங்களில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றமே, பத்துப் பன்னிரண்டு நாளில் அதைத் திருத்தி, நோயும் மூர்க்கமும் இல்லாதவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது.

மலேசியாவில் சட்டம் இல்லாமல் இல்லை. 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் 2017 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. கொடுமை செய்தால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அடிப்பது மட்டுமே கொடுமை என்று பலர் நினைக்கிறார்கள். தாமான் வீடுகளில் கார் நிறுத்தும் இடத்துத் தூணைப் பாருங்கள்: சங்கிலி உரசி உரசிச் சாயம் போயிருக்கும், பக்கத்தில் பச்சைப் பாசி பிடித்த தண்ணீர்க் கிண்ணம், காதுமடலில் திராட்சைக் கொத்தாக உண்ணிகள். உண்ணியால் வரும் காய்ச்சல் இரத்தச் செல்களைத் தின்று நாயைக் கொல்லும். குளிர்காலமே இல்லாத ஊரில் ஆண்டு முழுவதும் உண்ணி மருந்து வேண்டும், கொசு பரப்பும் இதயப்புழுவுக்கு மாதந்தோறும் மருந்து வேண்டும். மிச்சம் மீதிக் குழம்புச் சோற்றைக் கொட்டுவது பாசம் என்று எண்ணாதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும், வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

பைரவருக்கு வடைமாலை சாத்திவிட்டு வெளியே வந்து நாயைக் கல்லால் அடிப்பவர்களிடம் சொல்ல எதுவும் இல்லை.

ஜொகூரில் நம் அண்டை வீட்டாரில் பலர் முஸ்லிம்கள். நாய் நக்கிவிட்டால் அவர்கள் சமய முறைப்படி மண்ணும் நீரும் கொண்டு ஏழு முறை கழுவித் தூய்மைப்படுத்த வேண்டியிருக்கிறது. அதை மதிப்பது நாய் வளர்ப்பவரின் கடமை. கதவைத் திறந்துவிட்டு நாய் தானாகப் போய் வரட்டும் என்று விடுவது, பொது இடத்தில் கழிவை அள்ளாமல் நடப்பது, இரவெல்லாம் குரைக்கவிட்டுத் தூங்குவது எல்லாம் பகையைத் தேடிக்கொள்ளும் வழி. புகார் போய்ச் சேர்ந்த பிறகு நாய் பிடிக்கும் வண்டி வரும், பழி நாய் மேல் விழும்.

தீபாவளியும் சீனப் புத்தாண்டும் வந்தால் பட்டாசுக்கு மிரண்டு வேலி தாண்டும் நாய்கள் உண்டு. அன்றிரவு அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள், கழுத்துப் பட்டையில் தொலைபேசி எண் இருக்கட்டும். 2006 டிசம்பரில் கோத்தா திங்கியையும் 2023 மார்ச்சில் பத்து பகாட், குளுவாங், சிகாமட் பக்கங்களையும் மூழ்கடித்தது போன்ற வெள்ளம் மீண்டும் வரும். வீட்டை விட்டு ஓடும்போது நாயைச் சங்கிலியோடு விட்டுப் போகாதீர்கள். வெள்ளம் வடிந்த சேற்றில் எலிச் சிறுநீர் வழியாக லெப்டோஸ்பிரோசிஸ் பரவும், அது நாயிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். அதற்கும் ஆண்டுதோறும் போடும் ஊசி இருக்கிறது.

ஊராட்சி மன்றங்களிடம் இச்சங்கம் கேட்பது இவ்வளவுதான். ஜொகூர் பாரு, இஸ்கந்தர் புத்ரி, பாசிர் கூடாங் மாநகர் மன்றங்கள் உரிமம் கொடுக்கும்போதே தடுப்பூசி அட்டையைக் கேட்க வேண்டும். கருத்தடை செய்த நாய்க்கு உரிமக் கட்டணத்தில் சலுகை வேண்டும். தோட்டப்புறங்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது கால்நடை மருத்துவர் குழு போக வேண்டும். வளர்ப்பவர்கள் இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் நாய்க்குக் கடைசி ஊசி எப்போது போட்டது என்று இன்றே அட்டையை எடுத்துப் பாருங்கள். அட்டை இல்லையென்றால் இந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.