சண்டிக்குதிரை என்றொரு சொல்

நகர மறுக்கும் குதிரையை நாம் ‘சண்டிக்குதிரை’ என்கிறோம். அச்சொல்லை மனிதர்மீதும் ஏற்றி, அடம்பிடிக்கும் பிள்ளையைச் ‘சண்டித்தனம் செய்கிறான்’ என்று கடிந்துகொள்கிறோம். இச்சொல்லுக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. குதிரை நிற்பது திமிரினால். ஆகவே அதற்கு மருந்து சவுக்கு. இத்தீர்ப்பு பிழையானது என்பதே நம் கருத்து.

2021 ஆகஸ்ட் 6 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கின் மகளிர் நவீன பென்டத்லான் போட்டியில் ஜெர்மனியின் அன்னிகா ஷ்லோய் முன்னணியில் இருந்தார். குலுக்கலில் அவருக்கு வந்த குதிரை ‘செயின்ட் பாய்’. முன்பின் அறியாத குதிரையோடு பழக, அன்றைய விதிப்படி கிடைத்தது 20 நிமிடமே. அன்று ஏற்கெனவே வேறொரு வீராங்கனையிடமும் அது தடை தாண்ட மறுத்திருந்தது. ஷ்லோய் அழுதபடியே சவுக்கை வீசினார். வேலிக்கு அப்பால் நின்ற பயிற்சியாளர் குதிரையைக் கைமுட்டியால் குத்தியதற்காக எஞ்சிய போட்டிகளிலிருந்து நீக்கப்பட்டார். ஷ்லோய் 31ஆம் இடத்துக்குச் சரிந்தார். 2024 பாரிஸ் போட்டிக்குப் பின் அவ்விளையாட்டிலிருந்து குதிரையேற்றமே விலக்கப்பட்டது.

அரங்கில் உலகம் கண்ட இக்காட்சி, மலைப்பாதைகளிலும் காட்டுவழிகளிலும் பார்ப்பவரின்றி நிகழ்ந்துகொண்டுதான் இருக்கிறது. விழுந்து கிடக்கும் மரம், தேங்கிய நீர், சிறு மரப்பாலம் ஆகியவற்றின் முன்னே குதிரை நின்றுவிடுகிறது. ஏன்?

குதிரையின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்தவை. சுற்றிலும் ஏறத்தாழ முழுவதையும் பார்க்கும் அதற்கு, நெற்றிக்கு நேர் முன்னும் மூக்கின் கீழும் இருப்பது தெரிவதில்லை. தொலைவையும் ஆழத்தையும் கணிக்க அது தலையைத் தாழ்த்தியும் உயர்த்தியும் பார்க்கவேண்டும். அஞ்சிய மனிதர் கடிவாள வாரை இறுக்கிப் பிடிக்கும்போது அதற்கும் வழியில்லாமல் போகிறது. சேணம் பொருந்தாமையும் குளம்பு வலியும் பல் நோவும்கூட மறுப்பாக வெளிப்படும். சில வேளைகளில் குதிரையே சரி: பலகை உளுத்திருக்கலாம், நீருக்கடியில் சேறு இருக்கலாம்.

“விட்டுக்கொடுத்தால் அதுவே பழகிவிடுமே” என்பார்கள். உண்மைதான். மறுத்தவுடன் திரும்பிச் சென்றால், மறுத்தால் திரும்பலாம் என்றே குதிரை கற்கும். ஆனால் அடிப்பதற்கும் திரும்புவதற்கும் இடையே மூன்றாவது வழி ஒன்று உண்டு. தடையை நோக்கியபடியே குதிரையை நிற்கவிடுவது. வாரைத் தளர்த்தி, முகரவும் பார்க்கவும் அவகாசம் தருவது. காலால் மெல்ல உந்தி, அது அரையடி முன்வைத்தாலும் அக்கணமே உந்துதலை நிறுத்துவது. அந்த நிறுத்தமே அதற்குப் பரிசு. பழகிய குதிரையொன்று முன்னே சென்றால் அச்சம் விரைவில் தணியும். இறங்கி நடத்திச் செல்வதும் இழிவன்று. ஆனால் நேர் முன்னே நிற்கலாகாது. திடீரெனத் தாவும் குதிரை நம்மீதே வந்து விழக்கூடும்.

இவை புதியனவல்ல. குதிரை அஞ்சும் பொருளை மனிதன் முதலில் தான் தொட்டுக் காட்டி, மென்மையாக அருகே அழைத்துச் செல்லவேண்டும் என்று 2,300 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கத்தின் செனபோன் தம் குதிரையேற்ற நூலில் எழுதினார். அடித்தால், அவ்வலியும் அப்பொருளிலிருந்தே வந்ததாகக் குதிரை எண்ணிக்கொள்ளும் என்பது அவர் சொன்ன காரணம். டோக்கியோவில் விழுந்த ஒவ்வோர் அடியும் அடுத்த தடையை இன்னும் உயரமாக்கியிருக்கும்.

பொறுமைக்கு நேரம் வேண்டும். 20 நிமிடத்தில் அது வாராது. நேரமில்லாதவரின் அவசரமே குதிரைக்குச் சண்டி என்று பெயர் வைக்கிறது. அச்சொல்லை அகராதியிலிருந்து நீக்கவேண்டியதில்லை. குதிரைமீதோ குழந்தைமீதோ அதை வீசுமுன், எதைக் கண்டு நின்றது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.