விவாதம் தேய்வதற்கு அமளி மட்டுமா காரணம்?

புது தில்லி: நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முடியும்போதெல்லாம் தலைநகரில் ஒரே கணக்கு வாசிக்கப்படுகிறது. அவை எத்தனை மணி நேரம் நடந்தது, எத்தனை மணி நேரம் அமளியில் வீணானது என்பதே அது. ஆளும் தரப்பு எதிர்க்கட்சிகளைச் சாடுகிறது. எதிர்க்கட்சிகள் அரசைச் சாடுகின்றன. ஆனால், அவை அமைதியாக நடந்த நாள்களிலாவது, விவாதத்தைக் கேட்டு ஓர் உறுப்பினரேனும் தன் வாக்கை மாற்றிக்கொண்டாரா என்ற கேள்வியை இரு தரப்பும் எழுப்புவதில்லை.

முதல் மக்களவை ஆண்டுக்குச் சராசரியாக 135 நாள்கள் கூடியது. 2019 முதல் 2024 வரை இருந்த 17-வது மக்களவை சராசரியாக 55 நாள்களே கூடியது. 2023 குளிர்காலக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 எம்.பி.க்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். இப்பழி ஓர் ஆட்சியை மட்டுமே சேராது. 2ஜி விவகாரத்தில் கூட்டுக்குழு விசாரணை கோரி பாஜக உள்ளிட்ட அன்றைய எதிர்க்கட்சிகள் நடத்திய போராட்டத்தால் 2010 குளிர்காலக் கூட்டத்தொடர் ஏறக்குறைய முழுவதும் முடங்கியது. 2014 பிப்ரவரியில் தெலங்கானா மசோதா கூச்சலுக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் மக்களவையில் நிறைவேறியது. அப்போது அவையின் நேரடி ஒளிபரப்பும் தடைபட்டிருந்தது.

அமளி என்பது நோயின் அறிகுறிதான். நோய் வேறிடத்தில் இருக்கிறது.

ஆளும் கட்சியிலிருந்தே எழுந்த கேள்வி

1957 டிசம்பரில் ஆயுள் காப்பீட்டுக் கழகம், முந்த்ராவின் நிறுவனங்களில் சுமார் ரூ. 1.25 கோடி முதலீடு செய்தது குறித்து மக்களவையில் கேள்விக்கணை தொடுத்தவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். ஆளும் காங்கிரஸின் உறுப்பினரும், பிரதமர் நேருவின் மருமகனுமான பெரோஸ் காந்திதான் அவர். பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சாக்ளாவின் விசாரணை அதைத் தொடர்ந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

1963 ஆகஸ்டில் ஆச்சார்ய கிருபளானி கொண்டுவந்த முதலாவது நம்பிக்கையில்லாத் தீர்மானம் 62-க்கு 347 என்ற வாக்குகளில் தோற்றது. ஆயினும், ஏழை இந்தியரின் ஒரு நாள் வருமானம் மூன்று அணாவா, பதினைந்து அணாவா என்று லோகியாவுக்கும் நேருவுக்கும் இடையே அந்த நாள்களில் மூண்ட வாதம் நாடெங்கும் பேசப்பட்டது. வாக்கில் தோற்ற தரப்பு, வாதத்தில் நாட்டின் கவனத்தைத் திருப்ப முடிந்த காலம் அது.

கொறடாவின் பிடி

1967-ல் ஹரியாணா சட்டப்பேரவை உறுப்பினர் கயாலால் ஒரு பதினைந்து நாளில் மும்முறை கட்சி மாறினார். 'ஆயாராம் கயாராம்' என்ற வசைச்சொல்லும் அதிலிருந்தே பிறந்தது. இந்த வியாபாரத்தைத் தடுக்க 1985-ல் 52-வது திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்தில் பத்தாவது அட்டவணை சேர்க்கப்பட்டது. அதன்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலோ, முன் அனுமதியின்றி வாக்களிக்காமல் விலகி நின்றாலோ, 15 நாள்களுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் உறுப்பினர் பதவியை இழக்க நேரிடும்.

ஆட்சியைக் காக்கும் நம்பிக்கை வாக்கெடுப்புக்கு மட்டுமன்றி, எந்த மசோதாவுக்கும் இந்தத் தண்டனை பொருந்தும் என்பதே சிக்கல். பிரிட்டனில் 2003 மார்ச்சில் இராக் போர் தொடர்பான வாக்கெடுப்பில் ஆளும் தொழிற்கட்சியின் 139 எம்.பி.க்கள் பிரதமர் பிளேருக்கு எதிராக வாக்களித்தனர். அதற்காக எவரும் தொகுதியை இழக்கவில்லை. இந்தியாவில் அப்படிச் செய்ய எண்ணும் உறுப்பினர் முதலில் தன் பதவியை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கட்சித் தாவலாவது நின்றதா என்றால், அதுவும் இல்லை. 2019-ல் கர்நாடகத்தில் ஆட்சி கவிழ்ந்த பிறகே 17 எம்.எல்.ஏ.க்கள் தகுதி நீக்கம் செய்யப்பட்டனர். 2020-ல் மத்தியப் பிரதேசத்தில் 22 எம்.எல்.ஏ.க்கள் ராஜிநாமா செய்து ஆட்சியைக் கவிழ்த்தனர். மொத்த வியாபாரத்தைத் தடுக்க இயலாத சட்டம், தனி ஒருவரின் மனசாட்சியை மட்டும் கட்டிப்போட்டிருக்கிறது.

2025 ஏப்ரலில் வக்ஃப் திருத்த மசோதா மீது மக்களவையில் நள்ளிரவு தாண்டியும் விவாதம் நடந்தது. நேரம் தரப்படவில்லை என்ற குறைக்கு அங்கு பெரிதாக இடமில்லை. முடிவில் 288 பேர் ஆதரித்தனர். 232 பேர் எதிர்த்தனர். கட்சிகளின் பலத்தை முன்கூட்டியே கூட்டிப் பார்த்தவர்களுக்கு அதில் வியப்பேதும் இருந்திருக்காது.

எஞ்சிய ஒரே இடம்

கொறடா உத்தரவு செல்லாத இடம் ஒன்று உண்டு. 1993-ல் தொடங்கப்பட்ட துறைவாரி நிலைக்குழுக்களே அவை. மூடிய கதவுகளுக்குள் நடப்பதால் அங்கு கட்சிக்காரராக அன்றி உறுப்பினராகப் பேச வாய்ப்புக் கிடைக்கிறது.

தகவல் அறியும் உரிமைச் சட்டமே இதற்குச் சான்று. 2004 டிசம்பரில் அறிமுகமானபோது அந்த மசோதா மத்திய அரசுக்கு மட்டுமே பொருந்துவதாக இருந்தது. தமிழகத்தைச் சேர்ந்த சுதர்சன நாச்சியப்பன் தலைமையிலான நிலைக்குழு அதை ஆராய்ந்தது. மாநில அரசுகளுக்கும் பொருந்தும்படி விரிவாக்கப்பட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட திருத்தங்களுடன் 2005 மே மாதம் மசோதா நிறைவேறியது. அதே சட்டத்தில் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் மத்திய அரசே நிர்ணயிக்க வகை செய்யும் திருத்தம், 2019 ஜூலையில் எந்தக் குழுவுக்கும் அனுப்பப்படாமலேயே நிறைவேறியது.

15-வது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்கு அனுப்பப்பட்டன. 17-வது மக்களவையில் இது 16 சதவீதமாகச் சுருங்கியது.

இதன் விலை என்ன என்பதை வேளாண் சட்டங்கள் காட்டின. 2020 செப்டம்பரில் தேர்வுக்குழு கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, இரு வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. அவைக்குள் கேட்கப்படாத வாதம், தில்லியின் எல்லைகளான சிங்கு, டிக்ரி, காஜிப்பூரில் ஓராண்டுக்கும் மேலாக வீதியில் நடந்தது. 2021 நவம்பர் 29-ம் தேதி அச்சட்டங்களை ரத்து செய்யும் மசோதாவும் மக்களவையில் விவாதமின்றிச் சில நிமிடங்களில் நிறைவேறியது. பிழை எங்கே நேர்ந்தது என்பதை அவை ஆராயவே இல்லை.

தீர்வு உண்டு, விருப்பம்?

கொறடாவின் தண்டனை அதிகாரத்தை நம்பிக்கை வாக்கெடுப்போடு நிறுத்த வேண்டும் என்று தினேஷ் கோஸ்வாமி குழு 1990-லேயே பரிந்துரைத்தது. அரசின் ஆயுள் பணயத்தில் இருக்கும்போது மட்டுமே கொறடா உத்தரவு பிறப்பிக்கப்பட வேண்டும் என 1999-ல் சட்ட ஆணையமும் கூறியது. அதற்குப்பின் காங்கிரஸ் கூட்டணியும் ஆண்டது. பாஜக கூட்டணியும் ஆண்டது. பரிந்துரை ஏட்டிலேயே நின்றது. உறுப்பினர்களைக் கைக்குள் வைத்திருக்கும் கருவியை இழக்க எந்தக் கட்சித் தலைமையும் விரும்பாததில் வியப்பில்லை.

இதில் அதிகம் இழப்பது எண்ணிக்கையில் சிறிய மாநிலங்களே. மக்களவையின் 543 இடங்களில் தமிழகத்துக்கு 39 மட்டுமே. 84-வது திருத்தத்தின்படி 2026-க்குப் பிந்தைய முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை ஒத்திவைக்கப்பட்ட தொகுதிப் பங்கீடு போன்ற கேள்விகளில், தலைகளை எண்ணித் தெற்கால் வெல்ல முடியாது. பிற மாநில உறுப்பினர்களை இணங்கவைத்தே வெல்ல வேண்டும். இணங்கினாலும் கையை உயர்த்த உரிமையற்றவர்கள் எதிரே அமர்ந்திருந்தால், எத்தனை மணி நேரம் பேசினாலும் அது அவைக்குறிப்பில்தான் சேரும்.