மேல்முறையீடு விடுதலை அன்று

மனைவியைக் கொடுமைப்படுத்திய கணவனுக்கு நீதிமன்றம் சிறைத்தண்டனை விதிக்கிறது. அவன் மேல்முறையீடு செய்கிறான். தண்டனை நிறுத்தி வைக்கப்படுகிறது. உடனே, "வழக்குத்தான் ஓய்ந்துவிட்டதே! இனி அவனோடு சேர்ந்து வாழம்மா" என்று அப்பெண்ணுக்கு உபதேசம் செய்வோர் உண்டு. அன்புச் சகோதர சகோதரிகளே, இது அறியாமை.

மேல்முறையீடு அவனது சட்ட உரிமை. அதனை நாம் குறை கூறவில்லை. மாஜிஸ்திரேட் தண்டித்தால் 30 நாட்களுக்குள் செஷன்ஸ் நீதிமன்றத்தை நாடலாம். அங்கும் தோற்றால், தஞ்சை மாவட்டத்தார் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் செல்லலாம். ஆனால் தண்டனை நிறுத்தம் என்பது, முடிவு வரும்வரை சிறைக்கு வெளியே இருக்க அனுமதி மட்டுமே. குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கிறது.

"அடித்த காயம் எங்கே?" என்றும் சிலர் கேட்பர். 1983இல் வந்த 498-அ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86ஆம் பிரிவுகளாக உள்ளது. 3 ஆண்டு வரை சிறை விதிக்கும் இச்சட்டம், மனநலத்துக்கு விளையும் பெருங்கேட்டையும் கொடுமை என்கிறது. செலவுக்குப் பணம் தராது வாட்டுவதையும், இழிவாகப் பேசுவதையும் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வன்முறையாகவே கொள்கிறது. இவை எல்லா மதத்தாருக்கும் பொது. இங்கிலாந்திலோ மனைவியை அடக்கியாளும் தொடர் நடத்தையே 2015 முதல் தனிக் குற்றம். 5 ஆண்டு வரை சிறை.

கர்நாடக வழக்கொன்றில், மணமான இளம்பெண் உயிரை மாய்த்துக்கொண்டாள். ஓரிரு அடிகள் அவ்வளவு பெரிய கொடுமையாகா என்று கருதிய விசாரணை நீதிமன்றம் கணவனை விடுவித்தது; உயர் நீதிமன்றம் தண்டித்தது. அவனது மேல்முறையீட்டை 2013இல் தள்ளிய உச்ச நீதிமன்றம், அந்த மனப்போக்கைக் கண்டித்து, பெண்ணை அடிப்பது அவளது கண்ணியத்தைக் குலைப்பது என்று உரைத்தது.

தலாக் கூறிய பின்னும் பெண்ணைத் துன்புறுத்துவதற்காகத் தடுத்து வைப்பதைத் திருமறை (2:231) விலக்குகிறது. அவ்வாறிருக்க, அஞ்சி வந்தவளைத் திருப்பி அனுப்ப ஜமாஅத் அவசரப்படலாமா?

மேல்முறையீட்டை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். அதுவரை அவளுக்குப் பாதுகாப்பு ஆணை பெற்றுத் தருவோம். அதை மீறினால் ஓராண்டு வரை சிறை உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, வருமானம் பாராமல் பெண்களுக்கு இலவச வழக்கறிஞரை அளிக்கிறது. ஆபத்தென்றால் 181ஐ அழைக்கலாம். சமரசம் பேசும் முன், அவள் அச்சமின்றி உறங்குகிறாளா என்று கேளுங்கள்.