தவறு உங்கள் விரலில் இல்லை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர் என்னிடம் சொல்வது இதுதான்: "நான்தான் ஏதோ தப்பா அழுத்திட்டேன் சார்." இதை நான் ஏற்பதில்லை.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் சில, பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு ஓடுபாதையிலேயே வயிறு தரையில் மோதச் சரிந்தன. இறக்கையிலுள்ள ஃபிளாப்பை மடக்க வேண்டிய விமானி, சக்கரத்தை மடக்கிவிட்டார். விமானியின் தவறு என்றே எழுதினார்கள். அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் காக்பிட்டைப் பார்த்தார். இரண்டுக்கும் ஒரே மாதிரி சுவிட்சுகள், பக்கத்துப் பக்கத்தில்! சக்கரத்துக்கானதில் சிறு ரப்பர் சக்கரமும், ஃபிளாப்புக்கானதில் ஆப்பு வடிவத் துண்டும் பொருத்தினார். கை தொட்டதுமே வித்தியாசம் தெரிந்தது. இன்றும் பயணிகள் விமானத்தில் சக்கர லீவரின் முனை சக்கர வடிவில்தான் இருக்கிறது.

இதுதான் எர்கனாமிக்ஸ் வல்லுநரின் வேலை. நாற்காலி உயரம் அளப்பது மட்டுமல்ல (முதுகு வலித்தவருக்கு அதுவும் பெரிய விஷயம்தான்).

சாஃப்ட்வேரில்? 'சேவ்', 'டோன்ட் சேவ்' இரண்டையும் ஒரே அளவில் ஒட்டி வைக்கிறார்கள். இரண்டு மணி நேரம் டைப் செய்த கடிதம் போனால் 'யூசர் எரர்' என்று கை கழுவுகிறார்கள். புரோகிராம் முடிந்த பிறகு எர்கனாமிக்ஸ் ஆளைக் கூப்பிட்டுப் பயனில்லை. முதல் திரையை வரையும்போதே அவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அடுத்த முறை கை தவறினால், எந்தத் திரையில் எந்தப் பட்டன் என்று குறித்து வைத்து, அந்த சாஃப்ட்வேரைத் தயாரித்தவர்களுக்கே எழுதுங்கள்.